கல்லூரிக்கு வைத்த காசு

அலமாரிகளின் கதை - 7

சென்ற அத்தியாயத்தைப் பிலடெல்பியாவில் நிறுத்தியிருந்தோம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1731இல் தொடங்கிய நூலகத்தில் முதலில் சேர்ந்த 50 பேரும் ஆளுக்கு 40 ஷில்லிங் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு 10 ஷில்லிங் சந்தா. நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான். கட்டியவனுக்குப் புத்தகம், கட்டாதவனுக்கு வேடிக்கை. அடுத்த நூறு ஆண்டுகளில் நியூ இங்கிலாந்து முழுக்க இப்படிப்பட்ட பங்கு நூலகங்கள் முளைத்தன. முளைத்த வேகத்திலேயே பல வாடியும் போயின. இருக்கிற நூறு இருநூறு புத்தகத்தையும் படித்து முடித்தவன் மறு ஆண்டு எதற்குச் சந்தா கட்டுவான்? சந்தா வராவிட்டால் புதுப் புத்தகம் வராது. புதுப் புத்தகம் வராவிட்டால் சந்தா வராது. அப்பா வாங்கிய பங்கு மகனுக்கு வரும். மகனுக்குப் படிப்பில் நாட்டம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

இந்தச் சுழலிலிருந்து ஒரு சின்ன ஊர் வெளியே வந்த கதைதான் இந்த அத்தியாயம். அந்த ஊர் தன் பையில் கைவிடாமலேயே வெளியே வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு கல்லூரிச் சண்டையையும், பிறகு ஒரு வங்கி வரியையும் சொல்ல வேண்டும். புத்தகம் கடைசியில்தான் வரும். நூலக வரலாற்றை எழுத உட்கார்ந்தால் பாதி நேரம் கணக்குப் புத்தகத்தில்தான் கழிகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். அங்கே டார்ட்மவுத் கல்லூரி. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் காலத்தில், 1769இல், சாசனம் பெற்று ஏற்பட்டது. அதை நடத்தியது ஓர் அறங்காவலர் குழு. நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்தக் குழு தன் போக்கில் தானே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நடந்தது. 1816இல் ஆளுநராக இருந்த வில்லியம் பிளமருக்கு இது பொறுக்கவில்லை. குடியரசில் இருக்கிற கல்லூரி குடிமக்களின் பிரதிநிதிகளுக்குக் கட்டுப்பட வேண்டாமா என்றார். மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டுக் கல்லூரியைப் பல்கலைக்கழகம் ஆக்கியது, நிர்வாகத்தில் தன் ஆட்களை நுழைத்தது. பழைய அறங்காவலர்கள் நீதிமன்றம் போனார்கள்.

வழக்கு மாநில நீதிமன்றத்தில் நடந்தபோது கல்லூரிக்காக வாதாடிய மூவரில் ஒருவர் ஜெரமயா ஸ்மித். முன்னாள் ஆளுநர், முன்னாள் தலைமை நீதிபதி. இன்னொருவர் டேனியல் வெப்ஸ்டர், பின்னாளில் நாடறிந்த பேச்சாளர். மாநிலத்தில் தோற்றார்கள். வழக்கு வாஷிங்டன் போயிற்று. 1819 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார்: கல்லூரிச் சாசனம் ஓர் ஒப்பந்தம், சட்டமன்றம் நினைத்தபோது அதை மாற்ற முடியாது. கல்லூரி பிழைத்தது. மாநிலத்துக்கு மூக்குடைபட்டது. இந்தத் தீர்ப்பை இன்றும் அமெரிக்கச் சட்ட மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். தனியார் கம்பெனிகளுக்குக் கிடைத்த பெரிய கவசம் அது என்று ஒரு கட்சி, அதனால் வந்த கேடுகள் என்று இன்னொரு கட்சி. அந்த வழிக்கு நாம் போக வேண்டாம்.

தோற்றவர்களுக்கு வீம்பு வந்தது. உன் கல்லூரி உனக்கே இருக்கட்டும், நாங்கள் சொந்தமாக ஒன்று கட்டிக்கொள்கிறோம் என்று மாநிலம் கிளம்பியது. கட்டப் பணம்? 1821இல் ஒரு சட்டம் வந்தது. மாநிலத்தில் இயங்கும் வங்கிகள் ஒவ்வொன்றும் தன் மூலதனத்தில் நூற்றுக்கு அரை வீதம் ஆண்டுதோறும் கருவூலத்தில் கட்ட வேண்டும். லட்சம் டாலர் மூலதனம் உள்ள வங்கி என்றால் ஆண்டுக்கு 500 டாலர். வங்கிகளுக்குச் சாசனம் கொடுப்பதே மாநிலம் என்பதால் மறுத்துப் பேச அவர்களுக்கு இடம் குறைவு. இப்படிச் சேரும் பணத்துக்கு ‘இலக்கிய நிதி’ என்று பெயர் வைத்தார்கள். கவிஞர்களுக்குப் பொற்கிழி கொடுக்க வைத்த பணம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எழுத்து, கல்வி, புலமை எல்லாம் அடங்கிய பொருள். உயர்கல்விக்கு ஒரு கலாசாலை எழுப்ப வேண்டும் என்பதுதான் நிதியின் நோக்கம்.

கலாசாலை எழும்பவே இல்லை. ஆண்டுக்கு ஆண்டு வங்கிகள் கட்டின, நிதி வளர்ந்தது, வீம்பு தணிந்தது. அரை வீதம் வரி ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டி நிறுத்தப் போதாது. கருவூலத்தில் சும்மா கிடக்க விடவும் மனம் வராது. 1828இல் சட்டமன்றம் கையை விரித்தது. திரண்ட தொகையையும் இனி ஆண்டுதோறும் வருவதையும் மாநிலத்திலுள்ள ஊர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. ஊர்கள் அதைப் பொதுப் பள்ளிகளுக்குச் செலவழிக்கலாம். அல்லது கல்வி சார்ந்த பிற நோக்கங்களுக்குச் செலவழிக்கலாம்.

‘பிற நோக்கங்கள்.’ சட்டம் எழுதுகிறவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் சேர்க்கிற சொற்கள் இவை. எந்த நூலகத்தையும் மனத்தில் வைத்து எழுதியதற்கு அடையாளம் ஏதும் சட்டத்தில் இல்லை. இருநூற்றுச் சொச்சம் ஊர்களில் பெரும்பாலானவை பணத்தை வாங்கிப் பள்ளிக்கூடக் கணக்கில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தன. அது தப்பும் இல்லை. பனி விழும் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு விறகு வாங்குவதும் கல்விச் செலவுதான்.

இனி ஊர். பீட்டர்பரோ. மொனாட்நாக் மலைக்குக் கிழக்கே, காண்டூகுக் ஆறும் நுபனுசிட் ஓடையும் கூடும் இடத்தில் இருக்கிறது. 1760இல் முறைப்படி ஊரானது. முதலில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்து வழியாக வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள். 1830 வாக்கில் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டாயிரம். ஆற்று வேகத்தில் சக்கரம் சுழற்றிப் பஞ்சாலைகள் ஓடின. ஆலைகளை ஊரில் ஊன்றியவர்களில் முக்கியமானவர் சாமுவேல் ஸ்மித். அவருடைய சகோதரர்தான் மேலே பார்த்தோமே, டார்ட்மவுத் கல்லூரிக்காக வாதாடிய ஜெரமயா ஸ்மித். பிறந்தது இதே ஊரில். மாநிலத்தின் கல்லூரிக் கனவை உடைக்க உதவிய வக்கீலின் சொந்த ஊருக்கே, அந்தக் கனவுக்காகச் சேர்த்த பணம் பங்கு பங்காக வந்து இறங்கியது. கதை எழுதுகிறவன் இப்படி ஒரு பொருத்தத்தைக் கற்பனையில் வைத்தால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நாடகப் பிரியர்களுக்கு இந்த ஊரை வேறொரு விதத்தில் தெரிந்திருக்கும். தார்ன்டன் வைல்டரின் ‘அவர் டவுன்’ நாடகத்தில் வரும் கற்பனை ஊருக்கு இதுதான் மூலம் என்று சொல்வார்கள். அது நூறு ஆண்டுகள் தள்ளி வந்த பெருமை.

1827இல் இந்த ஊர் யூனிட்டேரியன் சபைக்குப் போதகராக வந்து சேர்ந்தார் ஏபியல் ஆபட். அப்போதே வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஹார்வர்டில் படித்தவர். இளமையில் கனெக்டிகட் மாநிலத்தின் கவன்ட்ரி ஊரில் போதகராக இருந்தார். திரித்துவக் கோட்பாட்டில் அவருக்குச் சந்தேகம் என்று தெரிந்ததும் 1811இல் பதவியிலிருந்து இறக்கினார்கள். பிறகு பள்ளிக்கூடம் நடத்தினார், நிலத்தில் உழுதார், ஊர் வரலாறு எழுதினார். வேலை போன அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு குணம் வந்துவிடும்: எது யார் தயவில் நடக்கிறது என்பதில் கண் இருக்கும். பீட்டர்பரோவுக்கு வந்த கையோடு சிறுவர்களுக்கென்று ஒரு நூலகம் ஏற்படுத்தினார். பெரியவர்கள் சந்தா கட்டிப் படிக்கும் நூலகச் சங்கம் ஒன்றுக்கும் துணை நின்றார். ஆக, சந்தாவிலும் தயவிலும் நடக்கிற நூலகம் எப்படி நடக்கும், எங்கே முட்டும் என்பதை இரண்டு கையாலும் பார்த்தவர்.

1833 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. ஊர்க்கூட்டம்.

நியூ இங்கிலாந்து ஊர்க்கூட்டத்தை நம் கிராம சபையோடு ஒப்பிடலாம். ஒரு வேற்றுமை உண்டு. அங்கே கூட்டம் போடுகிற தீர்மானம் ஆலோசனையாக மேலே போவதில்லை, அதுவே முடிவு. வரி எவ்வளவு, பாலம் யார் கட்டுவது, ஏழையை யார் பராமரிப்பது, பள்ளிக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் வாக்குரிமை உள்ள ஆண்கள் கூடி உட்கார்ந்து, கை தூக்கித் தீர்ப்பார்கள். எதைப் பேசப்போகிறோம் என்பது முன்கூட்டியே எழுதி ஒட்டப்படும்; அந்தப் பட்டியலில் இல்லாததைப் பேச முடியாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுகிற கூட்டம். ஒவ்வொரு டாலரும் தன் வீட்டு வரியில் வந்து விழும் என்று தெரிந்தவர்கள்.

அந்தக் கூட்டத்தில், மாநிலத்திலிருந்து வரும் இலக்கிய நிதிப் பங்கில் ஒரு பகுதியை எடுத்து ஊருக்கு நூலகம் அமைக்கப் புத்தகம் வாங்கலாம் என்று முடிவாயிற்று. புத்தகங்கள் ஊருக்குச் சொந்தம். ஊரில் குடியிருக்கும் யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் போகலாம். ஆபட்டின் யோசனைதான் அது.

கூட்டம் எப்படி ஒப்புக்கொண்டது என்பதை யோசித்துப் பார்க்கிறேன். ஆபட் வந்து, ‘வீட்டுக்கு இத்தனை சென்ட் நூலக வரி போடுவோம்’ என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பஞ்சாலை முதலாளிகளும் குடியானவர்களும் அரை மணி நேரம் இருமிவிட்டு அடுத்த பொருளுக்குப் போயிருப்பார்கள் என்றே படுகிறது. வந்த பணம் மாநிலத்திலிருந்து. மாநிலத்துக்கு வந்தது வங்கிகளிடமிருந்து. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தத் தாராளம். ஆனால் அந்த நெய்யை முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கே ஊற்றிவிட்டு, அந்த அளவுக்குத் தங்கள் பள்ளி வரியைக் குறைத்துக்கொள்ளவும் அதே கூட்டத்துக்கு ஆசை வந்திருக்கலாம். அண்டை ஊர்களுக்கு வந்தது. பீட்டர்பரோ ஒரு பங்கை ஒதுக்கி வைத்தது. தியாகம் என்று சொல்ல மாட்டேன், சின்ன விட்டுக்கொடுத்தல். அதற்கும் ஒரு கிழப் போதகர் வீடு வீடாகப் பேசித்தான் ஆள் சேர்த்திருக்க வேண்டும்.

புத்தகங்கள் வந்தன. வைக்க இடம்? கட்டடம் கிடையாது, கட்டுகிற எண்ணமும் கிடையாது. ஊரின் பலசரக்குக் கடையில் வைத்தார்கள். தபால் நிலையமும் அந்தக் கடையிலேயேதான். இது ஏதோ ஏழ்மையின் அடையாளம் என்று கொஞ்சம் இரங்கத் தோன்றும். கணக்காகப் பார்த்தால் இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு கிடையாது. அந்தக் காலத்தில் சின்ன ஊர்களில் தபால்காரர் வீட்டுக்கு வர மாட்டார். கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்கக் குடும்பத்தில் ஒருவர் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்த கடிதத்துக்குப் பெரும்பாலும் வாங்குகிறவரே கூலி கொடுப்பார். உப்பும் ஆணியும் வாங்க வந்த இடத்தில், கடிதம் கேட்டு நின்ற இடத்தில், அலமாரி கண்ணில் படும். வாசகரைத் தேடி நூலகம் போக வேண்டிய சிரமமே இல்லை. வருகிற பணம் முழுவதும் தாளாகவும் அட்டையாகவும் மாறும், செங்கல்லாக மாறாது.

கடையிலிருந்து வேறு இடம், அங்கிருந்து இன்னோர் இடம் என்று அலமாரி ஊருக்குள் மாறிக்கொண்டே இருந்தது. நூலகத்துக்கென்று எழுந்த கட்டடம் திறந்தது 1893இல். அறுபது ஆண்டுகள்! வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் மாரிசன். மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே மெம்பிஸ் நகரில் ரயில் பாலம் கட்டிய பொறியாளர், குடும்ப வேர் பீட்டர்பரோவில். பாலம் கட்டுகிறவர் கட்டிய நூலகம், செங்கல்லில், இன்னும் நிற்கிறது.

இங்கே ஒரு தகராறைத் தீர்த்துவிட்டுப் போகலாம். மக்களின் வரிப்பணத்தில் நடந்த முதல் இலவச நூலகம் என்று பீட்டர்பரோ தன்னைச் சொல்லிக்கொள்கிறது. எதிர்க்கட்சிகள் மூன்று.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராங்க்ளின் ஊர் முதலில் கை தூக்கும். பெஞ்சமின் பிராங்க்ளின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டவர்கள், கோயில் கோபுரத்துக்கு ஒரு மணி வாங்கித் தாருங்கள் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் அப்போது பாரிஸ் அருகே தூதராக இருந்தார். மணி எதற்கு, ஓசையைவிட அறிவு மேல் என்ற பொருள்பட எழுதி, ஏறத்தாழ 25 பவுனுக்குப் புத்தகம் தேர்ந்து அனுப்பும்படி லண்டனில் இருந்த நண்பர் ரிச்சர்ட் பிரைஸிடம் சொல்லிவிட்டார். புத்தகம் வந்தது, யார் எடுக்கலாம் என்று ஊர் சில ஆண்டுகள் வாக்குவாதம் செய்தது, 1790இல்தான் ஊரார் எல்லோரும் எடுக்கலாம் என்று தீர்மானம் ஆனது. சரி, இலவசம்தான். ஆனால் புதுப் புத்தகத்துக்கு ஆண்டுப் பணம்? அது யார் பொறுப்பும் இல்லை. கோயிலுக்கு யானை கொடுத்துவிட்டுத் தீனிக்கு நிலம் எழுதி வைக்காத கொடை.

கனெக்டிகட்டின் சாலிஸ்பரி இரண்டாவது. அந்த ஊரில் பிறந்து பாஸ்டனில் புத்தக வியாபாரம் செய்த காலெப் பிங்காம் 1803இல் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக 150 புத்தகங்கள் அனுப்பினார். 9 வயது முதல் 16 வரை உள்ளவர்கள் எடுத்துப் படிக்கலாம். 1810இல் ஊர்க்கூட்டம் அதற்கு 100 டாலர் ஒதுக்கியது. ஊர்ப்பணம் நூலகத்துக்குப் போன மிகப் பழைய நிகழ்வுகளில் இது ஒன்று. ஆனாலும் பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் வேண்டியபோது கொடுத்தது.

மூன்றாவது, மாசசூசெட்ஸின் லெக்சிங்டன். விடுதலைப் போரின் முதல் துப்பாக்கி வெடித்த ஊர். 1827இல் சிறுவர் நூலகத்துக்கு 60 டாலர் என்று ஊர்க்கூட்டம் தீர்மானித்தது. உற்சாகமாகத் தொடங்கியது, 1839இல் மூடிவிட்டார்கள். பணம் தொடரவில்லை. பீட்டர்பரோ நூலகத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். லெக்சிங்டன் ஊரார் தங்கள் சொந்தப் பணத்தையே போட்டார்கள். அந்த வகையில் பீட்டர்பரோவைவிட நேர்மையான வரி நூலகம் அதுதான் என்று வாதாடலாம். ஆனால் மறு ஆண்டும் போட வேண்டுமா என்பது மறு ஆண்டுக் கூட்டத்தின் மனநிலையைப் பொறுத்தது. பீட்டர்பரோவுக்கு நிதி ஆண்டுதோறும் தானாக வந்தது. வங்கிகள் இருக்கிற வரை வரும். ‘கொடுக்கலாமா’ என்று கேட்க வேண்டியதில்லை. ‘வந்ததில் எவ்வளவு’ என்பதுதான் கேள்வி. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் பெரும்பாலான நூலகங்கள் செத்திருக்கின்றன.

பீட்டர்பரோ பணம் ஊர்வரியே இல்லையே, அதை எப்படி மக்கள் வரி நூலகம் என்பது என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்கப் பொது நூலகங்களின் தோற்றத்தை விரிவாக ஆராய்ந்து 1949இல் நூல் எழுதிய ஜெஸ்ஸி ஷெரா தொடங்கிப் பலரும் இந்த முடிச்சை உருட்டிப் பார்த்திருக்கிறார்கள். என் கட்சி எளியது: வங்கியிடம் அரசு வாங்கினாலும் அது வரிதான், அதை எங்கே போடுவது என்று முடிவு செய்தது ஊர். போதும்.

பீட்டர்பரோவுக்கு இன்னொரு வசதியும் தெரியாமலே கிடைத்தது. அது என்ன என்று புரிய, 1847இல் மாசசூசெட்ஸில் வேலண்ட் என்ற ஊரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பிரவுன் பல்கலைக்கழகத் தலைவர் பிரான்சிஸ் வேலண்ட், தன் பெயர் தாங்கிய அந்த ஊருக்கு நூலகம் அமைக்க 500 டாலர் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: ஊரும் அதே அளவு போட வேண்டும். ஊர் மகிழ்ச்சியாகத் தலையாட்டியது. நன்கொடைப் பட்டியல் போட்டுத் தங்கள் பங்கைச் சேர்த்தார்கள். நூலகம் 1850இல் திறந்தது. ஆனால் நூலகத்தை நடத்த ஊர் வரி விதிக்கலாமா? சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் பள்ளிக்கு வரி போடலாம், சாலைக்குப் போடலாம், ஏழைகளுக்குப் போடலாம். நூலகத்துக்குப் போடலாம் என்று எங்கும் இல்லை. ஒரே ஒரு ஆள் நீதிமன்றத்துக்குப் போனாலும் வசூல் நின்றுவிடும். நல்ல காரியத்துக்கு ஊரே ஒன்று சேர்ந்தாலும், கணக்குத் தணிக்கையில் ‘எந்தச் சட்டப் பிரிவின் கீழ்?’ என்ற ஒரு கேள்வி போதுமே கவிழ்க்க. நம் பஞ்சாயத்து எழுத்தர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

வேலண்டின் சட்டமன்றப் பிரதிநிதி ஜான் பர்ட் வைட், அவரும் ஒரு போதகர்தான், மாநிலம் முழுமைக்கும் ஒரு மசோதாவைக் கொண்டுபோனார். 1851இல் அது சட்டமானது. நூலகம் தொடங்க, ஊரில் வரி விதிக்கத்தக்க ஆண் ஒருவருக்கு ஒரு டாலர் வீதம் ஒருமுறை செலவழிக்கலாம். அதன் பிறகு ஆளுக்கு 25 சென்ட் வீதம் ஆண்டுதோறும். பாஸ்டன் நகரம் மட்டும் இதற்கு முன்பே, 1848இல், தனக்கென்று ஓர் அனுமதி வாங்கி வைத்திருந்தது. ஆண்டுக்கு 5,000 டாலர் வரை. பாஸ்டனுக்கு ஆள்பலம் உண்டு, தனிச் சட்டம் வாங்க முடியும். ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு யார் தனிச் சட்டம் போடுவார்கள்?

பீட்டர்பரோவுக்கு இந்தச் சிக்கலே எழவில்லை. இலக்கிய நிதிச் சட்டத்தின் வாலில் தொங்கிய ‘பிற நோக்கங்கள்’ அந்த ஊரைக் காத்தது. நூலகம் கல்வி நோக்கமா என்று கேட்டால், ஆம். அதோடு முடிந்தது. 1849இல் நியூ ஹாம்ப்ஷயர் ஒரு படி மேலே போய், எந்த ஊரும் நூலகத்துக்காகத் தன் வரிப்பணத்தைச் செலவழிக்கலாம், ஆனால் குடியிருப்போர் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்று மாநிலம் தழுவிய சட்டமே போட்டது. இப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அது. மாசசூசெட்ஸ் போலத் தலைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பும் வைக்கவில்லை. பதினாறு ஆண்டுகளாகத் தன் எல்லைக்குள் ஒரு பலசரக்குக் கடை அலமாரி ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததைச் சட்டமன்றம் பார்த்திருந்தது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்திலும் அதே சமயத்தில் இதே இழுபறி. 1850இல் வில்லியம் யூவர்ட் கொண்டுவந்த சட்டம் பிரிட்டனில் நூலக வரிக்கு வழி திறந்தது. திறந்த கதவில் எத்தனை பூட்டு! பத்தாயிரம் பேராவது உள்ள ஊராக இருக்க வேண்டும். வரி கட்டுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். அப்புறம் பவுனுக்கு அரைப் பென்னி வாங்கிக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால் அந்த அரைப் பென்னியில் கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்கலாம். புத்தகம் வாங்கக் கூடாது. புத்தகத்தை யாராவது தானம் தருவார்கள் என்ற நம்பிக்கை. பீட்டர்பரோவில் புத்தகம் இருந்தது கட்டடம் இல்லை; இங்கே கட்டடத்துக்குப் பணம் உண்டு புத்தகத்துக்கு இல்லை. 1855இல் ஒரு பென்னியாக உயர்த்தி, புத்தகமும் வாங்கலாம் என்று திருத்தினார்கள். அந்தப் பென்னி வரம்பு 1919 வரை நீடித்தது.

இந்தப் பென்னிக் கணக்கைப் பிரிட்டனிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருவரை இத்தொடரின் பிற்பகுதியில் சந்திக்கப்போகிறோம். 1924இல் லண்டனுக்கு நூலகவியல் படிக்கப் போன எஸ்.ஆர். ரங்கநாதன். திரும்பி வந்து அவர் விடாமல் வற்புறுத்தியதில் 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தபோது, சொத்து வரியில் ரூபாய்க்கு 6 பை நூலக வரி என்று வைத்தார்கள். 6 பை என்றால் அரையணா. உங்கள் வீட்டு வரி ரசீதை அடுத்த முறை எடுத்துப் பார்க்கும்போது அதில் நூலக வரி என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தின் பூர்வீகத்தில் ஒரு வங்கியும் ஒரு கல்லூரி வழக்கும் தூரத்து உறவு என்று நினைத்துக்கொள்ளலாம். நேர் வாரிசு என்று சொல்லத் துணிய மாட்டேன். ரங்கநாதன் பார்த்தது பிரிட்டனைத்தான்.

ஆபட் என்ன ஆனார்? நீண்ட நாள் இருந்தார். 1859இல், தொண்ணூறைக் கடந்த வயதில் இறந்தார். தான் கேட்டு வாங்கிய அலமாரி கால் நூற்றாண்டு தாண்டி நிற்பதையும், தன் மாநிலம் அதற்குச் சட்டம் போட்டதையும் பார்த்துவிட்டுப் போனார். ஜெரமயா ஸ்மித் 1842இலேயே இறந்துவிட்டார்.

ஆனால் ஆபட் காலத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு நிலை ஐம்பது ஆண்டுகளில் வந்தது. ஊர்களுக்கு வரி போட உரிமை கிடைத்துவிட்டது. போடத்தான் மனம் இல்லை. அப்போது பிட்ஸ்பர்க்கில் எஃகு விற்றுக் கோடீஸ்வரரான ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஊர் ஊராக நூலகக் கட்டடம் தருகிறேன் என்று கிளம்பினார். அமெரிக்காவில் மட்டும் 1,600க்கும் மேல். சின்ன ஊர் என்றால் பத்தாயிரம் டாலர் போல. இலவசம் என்று நினைத்துக் கடிதம் எழுதிய ஊர்களுக்கு அவருடைய செயலர் ஜேம்ஸ் பெர்ட்ராம் ஒரு கேள்வித்தாள் அனுப்புவார். மக்கள்தொகை எவ்வளவு, இடம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கட்டடத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் தன் வரியிலிருந்து ஒதுக்குமா என்ற உறுதியும் வேண்டும் என்பார். பத்தாயிரம் வேண்டுமா, ஆண்டுக்கு ஆயிரம் எழுதிக் கொடு. பல ஊர்க்கூட்டங்கள் அந்த வரியில் வந்து தடுக்கி விழுந்தன; சில, வந்த பணத்தை வேண்டாம் என்றே சொல்லிவிட்டன.

பெர்ட்ராமின் கடித உறைகளை அடுத்த இதழில் பிரிப்போம்.